திரும்பி வந்த தாள்கள்

2022 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கொழும்பிலுள்ள ஓர் அமைப்பிடமிருந்து எனக்குக் கடிதமொன்று வந்தது. பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில் தொலைவிலிருந்தவாறே மாணவர்களுக்குக் கற்பித்தவர்களுள் சிறந்தோரையும் புதுமை செய்தோரையும் தெரிந்தெடுத்து விருது வழங்க எண்ணியிருப்பதாகவும், நடுவர் குழுவில் பத்திரிகைத்துறை சார்பாக நான் இடம்பெற வேண்டுமெனவும் அதில் கேட்டிருந்தார்கள். அமைப்பின் பெயர் இங்கு வேண்டாம். நல்லெண்ணத்தோடுதான் அதனைச் செய்தார்கள்.

நடுவர்கள் ஐவர். இருவர் கணினித்துறையினர். ஒருவர் பல்கலைக்கழக விரிவுரையாளர். இன்னொருவர் அனுசரணை வழங்கிய நிறுவனத்தின் உயர் உத்தியோகத்தர். ஐந்தாவது ஆள் நான். அச்சு மையோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் உறவு கொண்டவன் என்பதற்கு அப்பால், தொலைக்கல்வி குறித்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறதென்று அவர்கள் கருதினார்களோ தெரியாது. எனக்கிருந்த உண்மையான தகுதியை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. நானே அதனை மறந்துவிட்டிருந்தேன்.

நாற்பது விண்ணப்பங்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் நூறு புள்ளிகள். தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கு 30, பயனாளர் எண்ணிக்கைக்கு 30, வடிவமைப்புக்கு 20, தொடர்ந்து நடத்தக்கூடிய தன்மைக்கு 20 என்று பகுத்துத் தந்திருந்தார்கள். செயலிகள், யூடியூப் அலைவரிசைகள், ஸூம் வகுப்புகள், வட்ஸ்அப் குழுக்கள் என்று மூன்று இரவுகள் எனக்கு அவற்றோடு கழிந்தன. இறுவட்டிலும் மின்னஞ்சலிலும் வந்தவற்றுக்கு நடுவே, நூலால் கட்டிய மண்ணிறக் கோவை ஒன்றும் இருந்தது. பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை அனுப்பியது. ஒன்றரைப் பக்கக் கடிதம். அதன் கீழே அறுபதுக்குக் குறையாத தாள்கள். எல்லாமே கையெழுத்து. சில தாள்களில் ஈரம் பட்டு எழுத்துக் கலங்கியிருந்தது.

மேலோட்டமாகப் பார்த்தேன். தொழில்நுட்பம்: பூச்சியம். பயனாளர்: 31 பிள்ளைகள். மொத்தமாக 22 புள்ளிகள் இட்டேன். குறிப்புக்கென விடப்பட்டிருந்த இடத்தில், "பாராட்டத்தக்க முயற்சி. எனினும் இதனைத் தொலைக்கல்வி எனக் கொள்ள முடியாது" என்று எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன்.

மறுநாட் காலை கோவையைத் திரும்பக் கட்டும்போதுதான் ஒரு தாளின் ஓரத்திலிருந்த சிவப்பு எழுத்து கண்ணில் பட்டது. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கணக்கு. அம்மா காலையில் 18 கிலோவும், மதியம் 16 கிலோவும், மாலையில் 14 கிலோவும் கொழுந்து நிறுத்தார். மொத்தம் எவ்வளவு என்பது கேள்வி. பிள்ளை 38 என்று எழுதியிருந்தது. ஆசிரியை அதனைப் பிழையென்று கீறவில்லை. "அம்மா 10 கிலோவை மடுவத்திலேயே விட்டுவிட்டு வந்தாரா? கேட்டு எழுது" என்று சிவப்பில் எழுதியிருந்தார். அதன் கீழே பென்சிலில், "இல்ல டீச்சர். நான்தான் விட்டுட்டேன். 48" என்றிருந்தது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். நிற்க.

என்னிடம் ஒரு கலைமாணிப் பட்டம் உண்டு. அது வெளிவாரிப் பட்டம். பிற நாடுகளில் வாழும் வாசகர்களுக்காக ஒரு சொல்: எங்கள் நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி பெற்று அங்கேயே படித்துப் பட்டம் பெறுபவர் உள்வாரி. பெயரைப் பதிந்து, பாடத்திட்டத்தை வாங்கிக்கொண்டு, எங்கோ இருந்து தாமாகப் படித்து அதே பல்கலைக்கழகத்தின் பரீட்சையை எழுதுபவர் வெளிவாரி. சான்றிதழில் முத்திரை ஒன்றுதான். ஆனால் நேர்முகப் பரீட்சைகளில் அது ஒன்றாக இருப்பதில்லை.

1988 இல் உயர்தரப் பரீட்சை எழுதினேன். சில புள்ளிகளால் அனுமதி தவறியது. 1990 இல் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்து, அடுத்த ஆண்டு தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிவாரி மாணவனாகப் பதிந்துகொண்டேன். 1990 ஜூனில் மீண்டும் தொடங்கிய யுத்தத்தினால் மின்சாரம் அற்றுப்போயிருந்தது. மண்ணெண்ணெய் பொன்னாக விற்றது. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்டு, அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறையே படித்தது. அச்சுத்தாள் வராத நாள்களில் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகைகள் வெளிவந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். புதுமை என்ற சொல்லை விருது விண்ணப்பங்களில் காணும்போதெல்லாம் அந்த டைனமோ எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு வந்தவை பாடத்திட்டமும் கட்டணப் பற்றுச்சீட்டும்தான். ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் அதனைப் படித்துச் சொல்ல அங்கு எவரும் இல்லை. அந்த ஏற்பாடே அப்படிப்பட்டது. தபால் வாரக்கணக்கில் தாமதித்தது. முதன்முறை பரீட்சைக்கான அனுமதி அட்டை என் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து பத்தொன்பது நாள்களாகியிருந்தன.

எனக்கு வாய்த்தவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் ஊரிலிருந்து ஐந்து மைல் தொலைவில் இருந்தார். பத்திரிகைக்கு எப்போதாவது கட்டுரை தருவார். அவற்றை ஒப்புநோக்குபவன் என்ற அளவில்தான் என்னை அறிவார். வரலாற்றுப் பாடத்துக்கு நான் எழுதிய விடை ஒன்றைத் தயங்கித் தயங்கி, விடியற்காலையில் அவ்வழியே பத்திரிகை கொண்டுபோகும் விநியோகஸ்தர் அண்ணரிடம் கொடுத்துவிட்டேன். கழித்த ஒப்புத்தாளின் பின்பக்கத்தில் எழுதியது அது. மூன்றாம் நாள் அதே சைக்கிளில் திரும்பி வந்தது. நீல மையிலும் பார்க்கச் சிவப்புப் பென்சில்தான் அதிகம். "இதை யார் சொன்னது? நீர் சொன்னதா, புத்தகம் சொன்னதா?" என்று ஓரிடத்தில் கேட்டிருந்தார். வேறோர் இடத்தில், "இந்தப் பந்தியை உம்முடைய ஆச்சிக்கு வாசித்துக் காட்டும். விளங்கினால் விட்டுவிடும்" என்றிருந்தது. ஆச்சிக்கு விளங்கவில்லை. அந்தப் பந்தியை மூன்று தரம் திருப்பி எழுதினேன்.

நான்கு ஆண்டுகள் அவ்வாறு சென்றன. அண்ணரின் சைக்கிள்தான் எனது விரிவுரை மண்டபம். அந்த ஆசிரியரை நேரில் நான் கண்டது ஏழு அல்லது எட்டுத் தடவைகள்தான் இருக்கும். ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் அடைபட்டிருந்த நாள்களில், படகுகள் தாக்கப்பட்டுச் சனங்கள் மாண்ட கிளாலிக் கடல்நீரேரியை இரவிலே கடந்து முதற் பகுதிப் பரீட்சை எழுதப் போனேன். பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்திருந்த கட்டு, அவருடைய சிவப்பெழுத்துப் பட்ட தாள்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனமெல்லாம் தென்மராட்சி நோக்கி நடந்த இரவில் அவரும் நடந்தார். அடுத்த ஆண்டில் அங்கேயே காலமானார் என்று கொழும்புக்கு வந்தபின் அறிந்தேன். கடைசியாக நான் கொடுத்தனுப்பிய மூன்று விடைகள் திரும்பி வரவேயில்லை.

1997 இல் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு கொழும்பிலே ஒரு பத்திரிகை நிறுவனத்தின் உதவியாசிரியர் பதவிக்கு நேர்முகப் பரீட்சை. எதிரே இருந்த பெரியவர் சான்றிதழைக் கையிலெடுத்து, "உள்வாரியா, வெளிவாரியா?" என்று கேட்டார். சொன்னேன். சான்றிதழை மேசையில் கவிழ்த்து வைத்தார். "அப்ப, பல்கலைக்கழகத்துக்குள்ள போகேல்லை." "சோதனை எழுதப் போனனான், ஐயா" என்றேன். சிரித்தார்கள். வேலை தந்தார்கள், ஒரு படி கீழே தந்தார்கள். நெடுங்காலம் அந்தக் கவிழ்ந்த சான்றிதழ் என் கண்ணை விட்டு அகலாதிருந்தது.

அந்தப் பெரியவருக்கு அன்று நான் சொல்லியிருக்கக்கூடிய பதில் ஒன்று உண்டு. அது பிந்தித்தான் கிடைத்தது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 இல் தன் பரீட்சைகளை எங்கு படித்தவரும் எழுதலாமெனக் கதவைத் திறந்துவிட்டது. கொழும்பில் 1921 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குத் தானாகப் பட்டம் வழங்கும் உரிமை இருக்கவில்லை. அதன் மாணவர்கள் இலண்டனின் வெளிவாரிப் பரீட்சைகளுக்குத்தான் தோற்றினார்கள். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை இதுவே நிலைமை. இந்த நாட்டில் நாம் பெயர் சொல்லிப் பெருமைப்படும் பழைய பட்டதாரிகளுட் பலர் வெளிவாரிகள். அவர்கள் சான்றிதழை எவரும் கவிழ்த்து வைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. இலண்டன் என்ற பெயரின் மகிமை அது.

சுருக்கெழுத்துப் பயின்ற பத்திரிகையாளர்களுக்கு ஐசக் பிட்மனின் பெயர் பழக்கமானது. தன் சுருக்கெழுத்து முறையை 1837 இல் வெளியிட்டவர், பிரித்தானியாவில் 1840 இல் ஒரு பென்னித் தபால் வந்ததும் அதனைத் தபால் வழியே கற்பிக்கத் தொடங்கினார். பாடத்தை அனுப்புவார். மாணவர் ஒரு பகுதியைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். பிட்மன் அதனைத் திருத்தி மறுபடி அனுப்புவார். பாடத்தை அச்சிட்டு விற்பது புத்தக வியாபாரம். அதற்கு முன்னரும் அது நடந்தது. திருத்திய தாள் திரும்பி வந்ததனாலேதான் அவரைத் தபால் வழிக் கல்வியின் முன்னோடி என்கிறார்கள். பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தின் கதையும் அதுவே. 1969 இல் பட்டயம் பெற்று, 1971 இல் ஏறத்தாழ 25,000 மாணவர்களோடு தொடங்கிய அதனை உலகம் அறிந்தது பிபிசி ஒளிபரப்பிய விரிவுரைகளால். ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு போதனாசிரியரை நியமித்து, ஒப்படைகளைக் கருத்துரையோடு திருப்பி அனுப்பியதே அதன் முதுகெலும்பு என்பது என் எண்ணம். நாவலையைத் தலைமையிடமாகக் கொண்டு 1980 இல் உருவான எங்கள் திறந்த பல்கலைக்கழகமும் அந்த வழியில் வந்தது. என் போன்ற வெளிவாரிகளுக்கு இல்லாத ஒப்படையும் திருத்தமும் அங்கிருந்தன என்பதால், அதன் மாணவர்கள்மேல் எனக்குச் சிறிது பொறாமை உண்டு.

நடுவர் வேலைக்காகத் தேடிப் படித்தவற்றுள் மைக்கல் மூர் என்னும் கல்வியியலாளரின் கருத்தொன்றும் இருந்தது. 1970களிலிருந்து அவர் வளர்த்தெடுத்த கோட்பாடு அது. தொலைக்கல்வியில் தூரம் என்பதை மைல்களால் அளக்கக்கூடாது என்கிறார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உரையாடல் குறையக் குறையத் தூரம் கூடுகிறது. ஆகவே ஒரே அறைக்குள் ஆசிரியர் முன்னே அமர்ந்திருக்கும் மாணவர்கூட மிகத் தொலைவில் இருக்கலாம். இதனைப் படித்துக் கோடிட்டும் வைத்திருந்தேன். அதன் பிறகுதான் 22 புள்ளிகள் இட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று காலை வேலைக்குப் போகாமல் அந்தக் கோவையை முதலிலிருந்து வாசித்தேன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. ஊரடங்கு. ஆசிரியையின் 31 பிள்ளைகளில் ஆறு வீடுகளில்தான் ஸ்மார்ட் தொலைபேசி இருந்தது. அவற்றிலும் பாதி, கொழும்புக்கு வேலைக்குப் போன தகப்பன்மாரின் சட்டைப்பையில். சிக்னல் வேண்டுமானால் லயத்துக்கு மேலேயுள்ள பாறையில் ஏற வேண்டும். இணையத்திலே பாடம் ஏற்றி வைத்திருக்கிறோம், பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று மேலிடங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் நாடே அடங்கிக் கிடந்தபோதும் தேயிலைத் தோட்டங்கள் இயங்கின. கொழுந்து லொறி மேற்கணக்கிலிருந்து கீழ்க்கணக்குக்கும் அங்கிருந்து தொழிற்சாலைக்கும் நாள் தவறாது ஓடியது. ஆசிரியை அதனைப் பிடித்துக்கொண்டார். காபன் தாள் வைத்து ஒரு தடவைக்கு நான்கு பிரதிகளாக எழுதினார். பனியில் நனையாதபடி பால்மாப் பைகளில் இட்டு லொறிச் சாரதியிடம் கொடுத்தார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தாய்மார் அவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் மாலை நிறுவையின்போது விடைகள் மடுவத்துக்கு வந்து, அதே லொறியில் அவரிடம் திரும்பின. அடுத்த நாள் சிவப்பு எழுத்தோடு மறுபடி போயின. சில தாள்கள் நான்கு முறை போய் வந்திருந்தன. ஒவ்வொரு போக்குவரத்தையும் அவர் திகதியிட்டுக் குறித்திருந்தார்.

கேள்விகளும் அந்த மடுவத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. அம்மாவின் நிறுவைத் துண்டைப் பார்த்துக் கூட்டல். ஈரத்துக்கென்று எத்தனை கிலோ கழிக்கப்பட்டது, ஒரு மாதத்துக்கு அது எவ்வளவாகும் என்று பெருக்கல். (இந்தக் கணக்கைத் தோட்ட நிர்வாகம் எப்படி ரசித்ததோ தெரியாது.) பாட்டி சொன்ன கதையைக் கேட்டு எழுதுக. எழுதத் தெரியாத தாயிடம் சொல்லக் கேட்டுப் பிள்ளை எழுத வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டில் தானாகவே அமைந்துவிட்டது.

புதிய புள்ளித்தாள் ஒன்றை எடுத்து 81 என்று எழுதினேன். தொழில்நுட்பத்துக்கு 25 கொடுத்தேன். லொறியும் தொழில்நுட்பம்தானே.

நடுவர் கூட்டத்தில் என் பேச்சை எல்லாரும் மரியாதையோடு கேட்டார்கள். கணினித்துறை நண்பர் ஒருவர், "இதை வேற இடங்களுக்கும் விரிவாக்கலாமா, ஐயா?" என்று கேட்டார். கொழுந்து லொறி எல்லாத் தோட்டத்துக்கும் போகிறது என்றேன். சிரிப்பு எழுந்தது. முன்னணியில் நின்ற செயலியைப் பற்றி நானும் ஒன்று கேட்டேன். பல்லாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள், எத்தனை பேருக்குப் பதில் போனது? அந்தக் கணக்கு எவரிடமும் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு நிரல் இருக்கவுமில்லை. செயலி மோசமானதன்று, பாடங்கள் தெளிவாக இருந்தன, என் மருமகளின் பிள்ளைகூட அதில் படித்தது. முதற்பரிசு அதற்கே போயிற்று. ஆசிரியையின் கோவை ஏழாம் இடத்தில் நின்றது. என் பிடிவாதத்துக்காக ஒரு பாராட்டுச் சான்றிதழ் தர இணங்கினார்கள், சமூக சேவைப் பிரிவில். கல்விப் பிரிவில் தர முடியாதா என்று கேட்டேன். படிவத்தின்படி முடியாது என்றார்கள்.

முடிவைச் சொல்லும் பொறுப்பை நானே கேட்டு வாங்கி, ஆசிரியைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "சந்தோஷங்க சேர்" என்றார். குரலில் ஏமாற்றம் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு சற்றுத் தயங்கி, "அந்தத் தாள்களைத் திருப்பி அனுப்ப முடியுங்களா, சேர்? ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைங்ககூட வந்து கேக்குறாங்க. எங்க தாள் எங்க டீச்சர்ன்னு" என்றார். அனுப்பிய விண்ணப்பங்கள் திருப்பித் தரப்படமாட்டா என்று விதிகளில் இருந்தது. "பின்பக்கமும் சும்மாத்தான் இருக்கு, சேர். தாள் இப்ப விக்கிற விலைக்கு..." என்று அவர் மேலும் சொன்னார். அந்த ஆண்டு மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

கோவை என் வீட்டு மேசையில்தான் கிடந்தது. விதியைப் பொருட்படுத்தாமல் மறுநாளே வெள்ளவத்தைத் தபாலகத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பதுளை முத்திரையோடு ஒரு கடித உறை வந்தது. கிடைத்தது, நன்றி, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று இரண்டு வரி. கூடவே மடித்த தாளொன்று. தாள்களுக்கிடையில் கிடந்ததாகவும், என்னுடையதாக இருக்கும் என்பதால் அனுப்புவதாகவும் எழுதியிருந்தார். விரித்துப் பார்த்தேன். நான் முதலில் எழுதிய புள்ளித்தாள். 22 என்ற எண்ணை அவர் தொடவில்லை. "இதனைத் தொலைக்கல்வி எனக் கொள்ள முடியாது" என்ற வரியின் கீழே சிவப்பில் ஒரு கோடு. ஓரத்தில் சிறிய எழுத்தில், "ஏன், சேர்?"

பதில் எழுத எனக்கு நான்கு நாள்கள் பிடித்தன.